அச்சு அக்காவும் அறுபது லினக்ஸும்

ஒரு வேலையை இரண்டாவது தடவை செய்யச் சொன்னால், "அதுக்குப் பதிலா மேகமலைக்கு முழங்கால்லயே ஏறிப் போயிர்றேன்" என்று சொல்லக்கூடிய மனுஷி, எனக்குத் தெரிந்து கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க அச்சு அக்கா ஒருவர்தான். சொன்னதோடு நிற்கவும் மாட்டார். ஏறியே விடுவார். ஏனென்றால் அது முதல் தடவை.

அக்கா என்றதும் வயதில் மூத்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். என்னைவிட நான்கு வயது இளையவர். எங்கள் முதலாளிக்கு அறுபது தாண்டிவிட்டது. அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். அந்த நடைக்கும் அந்தக் குரலுக்கும் வேறு எப்படிக் கூப்பிட முடியும்? பதிலுக்கு அக்கா என்னை அண்ணே என்பார். நான் அவரை அக்கா என்றும் அவர் என்னை அண்ணே என்றும் கூப்பிட்டுக்கொள்வதைப் பார்க்கும் புது வாடிக்கையாளர்கள், யார் யாருக்கு மூத்தவர் என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு உட்காருவார்கள்.

எங்கள் அலுவலகம் சின்னமனூரில், பம்புசெட் மோட்டார் விற்கிற கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கடையும் முதலாளியுடையதுதான். திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு மோட்டார் விற்றுக்கொண்டு நிம்மதியாக இருந்தவர், மருமகன் பேச்சைக் கேட்டு மாடியில் கம்ப்யூட்டர் வாடகைக்கு விட ஆரம்பித்தார். தூக்கிக்கொண்டு போகிற கம்ப்யூட்டர் அல்ல. ஏசி போட்ட ஓர் அறையில் பீரோ மாதிரி மூன்று பெரிய இயந்திரங்கள் நிற்கும். ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் பத்து, இருபது என்று, லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் ஓடுகிற கம்ப்யூட்டர்கள் குடியிருக்கும். கையால் தொட முடியாது. ஆனால் ஒவ்வொன்றும் தன்னைத் தனிக் கம்ப்யூட்டர் என்றே நினைத்துக்கொண்டு வேலை பார்க்கும். விர்ச்சுவல் மெஷின் என்று அதற்குப் பெயர். மலை மேலே தேயிலை எஸ்டேட், கீழே ஆஸ்பத்திரி, ஏலக்காய் ஏற்றுமதி செய்கிறவர் என்று பலரும் ஆளுக்கு ஒன்றிரண்டு மெஷின் எங்களிடம் வைத்திருந்தார்கள். அவற்றை உண்டாக்குவது அக்காவின் வேலை. வாடிக்கையாளர்களிடம் பேசுவது, அதாவது அவர்களிடம் திட்டு வாங்குவது, என் வேலை.

அக்கா வேலைக்கு வந்த முதல் நாளே முதலாளிக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. காரணம் இருக்கிறது. அக்கா உட்கார மாட்டார். பஸ் ஸ்டாண்டைப் பார்த்த ஜன்னலிலிருந்து மாடிப்படி வரை இருபத்திரண்டு எட்டு வைக்க வேண்டும். அங்கேயிருந்து இங்கே, இங்கேயிருந்து அங்கே. பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பது மாதிரி இடது கையில் லேப்டாப். வலது கையால் தட்டிக்கொண்டே நடப்பார். அவருக்குக் கொடுத்த நாற்காலியில் அவருடைய பையும் குடையும் சாப்பாட்டுத் தூக்கும் உட்கார்ந்திருக்கும். எதிரே இருந்து பேசுகிறவர்கள் தலையை இப்படியும் அப்படியும் திருப்பித் திருப்பி, பந்து விளையாட்டுப் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள்.

"ஏன்க்கா, ஒரு எடத்துல நின்னு சொல்லக்கூடாதா? கழுத்து போச்சு" என்றார் முதலாளி.

"நின்னா யோசனை நின்னுரும் முதலாளி. நீங்க வேணா கூட நடங்க" என்றார் அக்கா, ஜன்னல் பக்கத்திலிருந்து.

முதலாளி நடந்தார். முதலாளி நடந்தால் நான் உட்கார முடியுமா? நானும் நடந்தேன். அன்றைக்கு மூன்று பேரும் வரிசையாக நடந்துகொண்டே பேசியதுதான் அலுவலகத்தின் முதல் தொழில்நுட்ப ஆலோசனைக் கூட்டம். அச்சு அக்கா என்ற பெயர் வந்ததும் அந்தக் கூட்டத்தில்தான்.

அதுவரை ஒரு புது மெஷின் வேண்டுமென்றால், பழைய மெஷின் ஒன்றை அப்படியே நகலெடுப்போம். நகலுக்கும் மூலத்துக்கும் ஒரே பெயர், ஒரே முகவரி இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். அதனால் முன்னால் வேலை பார்த்தவர் ஒவ்வொரு நகலுக்குள்ளும் போய், பெயரை மாற்றி, முகவரியை மாற்றி, கடிகாரத்தைச் சரிசெய்து, எல்லாவற்றையும் கையாலேயே அடிப்பார். பத்துக்கு ஒன்று தப்பாகும். எது தப்பாயிற்று என்று யாருக்கும் தெரியாது. திட்டு மட்டும் எனக்குத் தவறாமல் வந்து சேரும்.

"இது என்ன கூத்து?" என்றார் அக்கா. "முறுக்குச் சுடுறவுக ஒவ்வொரு முறுக்கையும் கையாலயா சுத்திக்கிட்டு இருக்காக? மாவு ஒண்ணு. அச்சு ஒண்ணு. புழிய வேண்டியதுதான?"

மாவு என்று அவர் சொன்னது, நன்றாக அமைத்துத் தயாராக வைத்த ஒரே ஒரு லினக்ஸ் மெஷின். அச்சு என்று சொன்னது, அந்த மெஷினிலிருந்து பிறக்கிற ஒவ்வொரு நகலுக்கும் பெயர் எப்படி வர வேண்டும், முகவரி எது, எந்த ஊர் நேரம், வெளியே போக யாரிடம் வழி கேட்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதிச் சேமித்து வைக்கிற ஒரு பட்டியல். தொழில்காரர்கள் அதை ஸ்பெக் என்பார்கள். ஒரு தடவை எழுதிவிட்டால் போதும். நகல் பிறக்கும்போதே பட்டியலைப் படித்துக்கொண்டு, நான் இன்னார், என் முகவரி இது என்று சொல்லிக்கொண்டே கண் விழிக்கும்.

முதலாளிக்குப் பாதி புரிந்தது. முறுக்கு முழுசாகப் புரிந்தது. "அப்ப அச்சைச் செய்ங்கக்கா" என்றார். பெயர் நிலைத்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு மாதம் எங்களுக்கு நிம்மதி இல்லை. பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் அக்கா எங்களைக் குறுக்கு விசாரணை செய்தார். சாப்பிட உட்கார்ந்தால் வந்து நின்று, இல்லை, வந்து நடந்து, "அண்ணே, எஸ்டேட்காரவுக மெஷினுக்கு நிரந்தர முகவரி வேணுமா, இல்ல அப்பப்ப குடுக்குறது போதுமான்னு கேட்டீங்களா?" என்பார். கேட்கவில்லை என்றால், "கேட்டுட்டு வந்து சாப்பிடுங்க. சோறு ஓடிராது" என்பார். சோறு ஓடவில்லை. ஆறிப்போனது.

இந்தப் புத்தி மெஷினோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எதிர் டீக்கடையில் தினமும் எப்படி டீ வேண்டும் என்று சொல்வது அக்காவுக்குப் பெரிய வேதனையாக இருந்தது. ஓர் அட்டையில் அச்சடித்துக் கொடுத்தார். 'சர்க்கரை பாதி. ஆடை கூடாது. கண்ணாடி டம்ளர். கேள்வி கேட்கக் கூடாது.' டீ மாஸ்டர் குமுளிப் பக்கத்து மலையாளி. தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது.

"இது எந்தா சேச்சி, நோட்டீஸோ?" என்றார்.

அக்கா விளக்கினார், ஒரே தடவை. மாஸ்டர் பயபக்தியோடு அட்டையைப் பாய்லருக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். எழுதியிருப்பது கடைக்கே பொதுவான சட்டம் என்று அவர் புரிந்துகொண்டார் போலிருக்கிறது. அன்றிலிருந்து அந்தக் கடையில் டீ குடித்த அத்தனை பேருக்கும் பாதிச் சர்க்கரைதான். கேட்டால் அட்டையைக் காட்டுவார். கோம்பையிலிருந்து வாழைத்தார் ஏற்றி வந்த லாரி டிரைவர் ஒருவர், "ஏலே, டீக்கு எதுக்குலே சட்டம்?" என்று சண்டைக்கே போனார். கடைசி வரியில் 'கேள்வி கேட்கக் கூடாது' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு அடங்கிப்போனார்.

அக்காவுக்குச் சொந்த ஊர் ராயப்பன்பட்டி. வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்தால் யாராவது பெண் பார்க்க வருவார்கள். வருகிறவர்கள் எல்லோரும் அதே கேள்விகளைத்தான் கேட்பார்கள். அக்கா எத்தனை நாள் பொறுப்பார்? ஒரு தாள் தயார் செய்துவிட்டார். 'வேலையை விடுவீர்களா? மாட்டேன். சமையல் தெரியுமா? மூன்று தெரியும், மூன்றும் குழம்பு. ஏன் இத்தனை நாள் கல்யாணம் ஆகவில்லை? இந்தக் கேள்வியால்.' மேலே 'வணக்கம்' என்று போட்டுப் பக்கத்தில் ஒரு கோடு. வருகிறவர் பெயரை மட்டும் அதில் எழுதினால் போதும். மாப்பிள்ளை வீட்டார் காரிலிருந்து இறங்கும்போதே ஆளுக்கு ஒரு பிரதி.

"எத்தன பேருக்கா கொடுத்தீக?" என்று கேட்டேன்.

"ஏழு. காப்பி குடிக்காமயே நாலு பேரு கெளம்பிட்டாக. எவ்வளவு நேரம் மிச்சம் பாருங்கண்ணே!"

இதைவிட மோசம் அவர்கள் தெரு ஜெபக்கூட்ட அறிவிப்பு. வாரா வாரம் எழுத வேண்டியதை ஒரே தடவையில் முடிக்கிறேன் என்று, கிழமைக்கும் வீட்டுக்கும் கோடு விட்டு ஐம்பது பிரதி எடுத்துக் கொடுத்திருக்கிறார். கோட்டை நிரப்ப வேண்டும் என்று மட்டும் யாருக்கும் சொல்லவில்லை. வாசிக்கிற பெரியவர் ஒரு எழுத்து விடாதவர். எழுந்து நின்று கணீரென்று, "வருகிற கோடிட்ட இடம் கிழமை மாலை, கோடிட்ட இடம் அவர்கள் இல்லத்தில் ஜெபக்கூட்டம் நடைபெறும். அனைவரும் வருக" என்று வாசித்து முடித்தாராம். ஒருவரும் சிரிக்கவில்லையாம். எந்த வீடு என்றும் கேட்கவில்லையாம். அந்த வாரம் ஜெபக்கூட்டமே நடக்கவில்லை.

மெஷின் அச்சிலும் முதல் விபத்து சீக்கிரமே நடந்தது. நகலின் பெயரை, அதை உண்டாக்கும்போது நாங்கள் பதிவு செய்கிற பெயரிலிருந்து எடுத்துக்கொள் என்று பட்டியலில் சொல்ல வேண்டும். அக்கா சோதனைக்காக 'கோம்பை' என்று ஒரு பெயரை அடித்துப் பார்த்தவர், அதை எடுக்க மறந்துவிட்டார். மறுநாள் பன்னிரண்டு மெஷின்கள் பிறந்தன. பன்னிரண்டும் கோம்பை. கோம்பை எங்கே என்று யார் கேட்டாலும், எந்தக் கோம்பை முதலில் பதில் சொல்கிறதோ அங்கே போய் நின்றார்கள். எஸ்டேட் மேனேஜர் எனக்குப் போன் செய்தார்.

"தொழிலாளர் லைன் வீட்டுத் தண்ணி டேங்க் விவரத்தைத் தொறந்தா, டோக்கன் நம்பர் பதினேழு, வயித்துவலின்னு வருதுங்க. டேங்குக்கா வயித்துவலி?"

ஆஸ்பத்திரியிலிருந்து அடுத்த போன். நோயாளி வரிசை இருக்க வேண்டிய இடத்தில், 'டேங்க் காலி, உடனே நிரப்பவும்' என்று இருக்கிறதாம்.

நான் பதறிக்கொண்டு ஓடினேன். அக்கா பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"அண்ணே! பன்னெண்டும் ஒரே மாதிரி தப்பா வந்திருக்கு பாத்தீகளா!"

"அதுல என்னக்கா சந்தோஷம்?"

"முன்னெல்லாம் பன்னெண்டு தப்பும் பன்னெண்டு தினுசா இருக்கும். இப்ப தப்பு ஒண்ணுதான். ஒண்ணைத் திருத்துனா பன்னெண்டும் திருந்திரும். அச்சு வேலை செய்யுதுண்ணே!"

அவர் திருத்தி முடிக்கிற வரைக்கும் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குச் சமாதானம் சொன்னது நான். எனக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் அடுத்த சம்பவத்துக்குள் நான் போனேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அடுத்த சம்பவத்தில் நான் யோக்கியன் இல்லை.

எங்கள் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் ஒரு ஹால் உண்டு. அறுபது திரை, அறுபது விசைப்பலகை. கீழே ஏசி அறையில் அறுபது மெஷின் உண்டாக்கி விட்டால் ஆளுக்கு ஒன்றாக உட்கார்ந்து தேர்வு எழுதலாம். கேரளாவில் ஒரு ஆஸ்பத்திரிக் குழுமத்தார் நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்க எங்கள் ஹாலைக் கேட்டார்கள். நர்சிங் முடித்த அறுபது பெண்கள். மதியம் இரண்டு மணிக்குத் தேர்வு. இரண்டு மணி நேரம். எறணாகுளத்திலிருந்து ஓர் அம்மா வீடியோவில் மேற்பார்வை பார்ப்பார். ஐந்து மணிக்கு அவர்கள் கணக்காக மூடிவிடுவார்கள். இன்னொரு நாள் கிடையாது.

அக்கா இதற்கென்று புதிய அச்சு எழுதவில்லை. இருந்த அச்சில் ஒன்றைப் பிரதி எடுத்து, மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றினார். அவர் பிரதி எடுத்தது ஏலக்காய் ஏற்றுமதிக்காரரின் அச்சை. அந்த மனிதர் நான்கு நாடுகளோடு வியாபாரம் செய்கிறவர் என்பதால் அவருடைய மெஷின்கள் மட்டும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் ஊர் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அக்கா பெயரை மாற்றினார், முகவரியை மாற்றினார். நேரத்தை மாற்ற விட்டுவிட்டார்.

ஆனாலும் அவர் முன்யோசனைக்காரர். முந்தின நாள் ஒரே ஒரு மெஷினைச் சோதனைக்காக உண்டாக்கி, என்னிடம் ஒரு தாளைக் கொடுத்தார். "நான் எழுதுனதை நானே பாத்தா தப்பு கண்ணுல படாதுண்ணே. நீங்க அந்த மெஷினைத் தொறந்து அஞ்சையும் பாத்து டிக் போட்டுக் குடுங்க." பெயர், முகவரி, வழி கேட்கும் இடம், நேரம், மொழி. ஐந்தே வரி.

நான் அப்போது போனில், தேர்வுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு தருகிற சமையல்காரரோடு எலுமிச்சம்பழச் சாதத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கோம்பைக் கோபமும் மிச்சம் இருந்தது. இந்த அக்கா தாள் கொடுத்தால் நான் பார்க்க வேண்டுமா என்று நினைத்தேன். மெஷினைத் திறக்கவே இல்லை. ஐந்து டிக் போட்டுத் தாளைக் கொடுத்துவிட்டேன். "பாத்துட்டேன்க்கா" என்று வாயாலும் சொன்னேன்.

மறுநாள் பன்னிரண்டு மணியிலிருந்தே பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். கூடலூர், கம்பம், தேவாரம், போடி. சிலருக்குத் துணையாக அப்பா. ஒருத்திக்குத் துணையாக மாமியார். மாமியார் கையில் அந்தப் பெண்ணின் ஆறு மாதக் குழந்தை. இரண்டு மணிக்கு அறுபது பேரும் உட்கார்ந்தார்கள். அறுபது திரையும் எரிந்தன. அறுபதிலும் ஒரே வாசகம்.

'தேர்வு தொடங்க இன்னும் 5 மணி 30 நிமிடம்.'

தேர்வு மென்பொருள், மெஷினின் கடிகாரத்தைத்தான் நம்பும். கடிகாரம் காலை எட்டரை என்றது.  அறுபது பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வீடியோவில் எறணாகுளத்து அம்மா, "எந்தா சார் பிரச்சினை? அஞ்சு மணிக்கு நாங்க குளோஸ் செய்யும் கேட்டோ" என்றார்.

நான் படிகளில் இறங்கி ஓடினேன். முதலாளி ஏற்கனவே வந்து நின்றுகொண்டிருந்தார். அக்கா தன் லேப்டாப்பில் ஒரு மெஷினின் திரையைப் பார்த்தார். இரண்டு நொடி. பிறகு நாற்காலியிலிருந்து பையை எடுத்துக் கீழே வைத்தார், குடையை எடுத்தார், தூக்கை எடுத்தார், உட்கார்ந்தார்.

"முருகா" என்றார் முதலாளி. அக்கா உட்கார்ந்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஏசி வெடித்திருந்தால்கூட முதலாளி அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

"ஊர் நேரம். நான்தான் மாத்தாம விட்டுட்டேன்" என்றார் அக்கா. "எல்லாத்தையும் அழிச்சுட்டுத் திரும்பப் புழியணும்."

"அழிக்கவா?" என்றேன். "வேணாம்க்கா! ஆளுக்குப் பாதியா ஒவ்வொரு மெஷினா போயி கடிகாரத்தை மட்டும் மாத்திருவோம்."

"அறுபது தடவையா? நாப்பதாவதுல கை தடுக்கும்ணே. ஒருத்திக்கு அஞ்சு நிமிசம் கொறஞ்சிரும், இன்னொருத்திக்கு பத்து நிமிசம் கூடிரும். கொறஞ்சவளுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. தனக்குத்தான் படிப்பு வரலன்னு நெனச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவா. அறுபது பேருக்கும் ஒண்ணுபோல இருக்கணும். மேல போயி முப்பத்தஞ்சு நிமிசம்னு சொல்லுங்க."

அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. மேலே போனேன். முப்பத்தைந்து நிமிடம் என்றேன். அந்த நேரம் பார்த்து அறுபது திரையும் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. பின் வரிசையில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். குழந்தைக்காரப் பெண் எழுந்து என் பக்கத்தில் வந்து, மாமியாருக்குக் கேட்காத குரலில், "அண்ணே, இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான் இவுக விட்டாக. இன்னைக்கு நடக்கலேன்னா மறுபடி அனுப்ப மாட்டாகண்ணே" என்றாள்.

 அவளுக்கு என் ஐந்து டிக்கைப் பற்றித் தெரியாது. நான்தான் அதை நினைத்துக்கொண்டு மேலுக்கும் கீழுக்குமாக ஏறி இறங்கினேன். நான்காவது தடவை இறங்கியபோது அக்கா திரையைவிட்டுத் திரும்பாமல், "ஏண்ணே அங்கனயும் இங்கனயும் அலையிறீக? ஒரு எடத்துல இருங்க" என்றார். அக்கா வாயால் இப்படி ஒரு சொல்! நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் செய்தது என்னவோ ஒரே ஒரு வரியை மாற்றியதுதான். பிறகு ஒரு நகலை மட்டும் உண்டாக்கி, கடிகாரத்தைத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டு, முதலாளியின் கைக்கடிகாரத்தோடும் ஒப்பிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "அது அஞ்சு நிமிசம் ஸ்லோ" என்று சொல்லிவிட்டு, மற்ற ஐம்பத்தொன்பதையும் பிழிந்தார். இரண்டு மணி நாற்பத்தாறு நிமிடத்துக்கு முதல் திரை எரிந்தது. பிறகு வரிசை வரிசையாக. இரண்டு ஐம்பத்தொன்றுக்கு அறுபது பேரும் எழுத ஆரம்பித்தார்கள். ஒன்பது நிமிடம் மிச்சம் வைத்து எல்லாம் முடிந்தது. எறணாகுளத்து அம்மா, "சமாதானமாயி" என்று நிம்மதியாகச் சொல்லிக் கையசைத்துவிட்டு மறைந்தார். எலுமிச்சம்பழச் சாதத்தை ஒருவரும் குறை சொல்லவில்லை.

ஹால் காலியானதும் முதலாளி எங்களைக் கூப்பிட்டார். மனிதர் சாதாரணமாகக் கத்த மாட்டார். அன்று கத்தினார்.

"அக்கா, பொம்பளப் பிள்ளைக வாழ்க்கை இது! அந்தப் பிள்ளைக என்ன பாவம் பண்ணுச்சுக? முந்தின நாளே ஒருத்தரும் பாக்கலையா?"



"ஸ்பெக் எழுதுனது நான். தப்பு என்னோடது முதலாளி" என்றார் அக்கா. தாளைப் பற்றி மூச்சு விடவில்லை. முதலாளி மேலும் கால் மணி நேரம் திட்டினார். அக்கா ஜன்னலுக்கும் படிக்கும் நடந்துகொண்டே கேட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

இரண்டு நாள் எனக்குத் தூங்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் அக்காவிடம் போய், "ஒரு விஷயம் சொல்லணும்க்கா" என்றேன். அவர் நிற்கவில்லை. கூடவே நடந்தேன். ஜன்னல் வரை போவதற்குள் எலுமிச்சம்பழச் சாதம் வரைதான் சொல்ல முடிந்தது. படிக்கு வரும்போது கோம்பைக் கோபம். மறுபடி ஜன்னல். என் வாழ்க்கையிலேயே நான் கேட்ட ஒரே பாவமன்னிப்பு, மொத்தம் நான்கு நடை ஆயிற்று.

"தெரியும்ணே" என்றார் அக்கா.

"தெரியுமா? எப்படி?"

"அஞ்சு டிக்கும் ஒரே இழுப்புல இருந்துச்சு. நெசமா பாத்து டிக் போட்ட ஆளுக்கு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி விழும். தேர்வன்னைக்கு உக்காந்தப்பத்தான் தாளை எடுத்துப் பாத்தேன்."

"அப்புறம் ஏன் முதலாளிகிட்டச் சொல்லல?"

"நேரத்தை மாத்தாம விட்டது நான். பாக்காம விட்டது நீங்க. திட்டு ஒண்ணுதான? ஒரே திட்டை எதுக்கு ரெண்டு பேரு வாங்கணும்?"

அவர் அதை வேடிக்கையாகச் சொன்னாரா, நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நான் அன்றே முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். எனக்கும் தனியாகக் கால் மணி நேரம் கிடைத்தது. அக்காவுக்கு அதில் வருத்தம். "ரெண்டு தடவ ஆகிப்போச்சே" என்றார்.

பிறகு எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் வந்தது. புது அச்சில் பிறக்கிற முதல் மெஷினை நான் திறந்து பார்ப்பேன். டிக் போட மாட்டேன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவேன்: பெயர் இது, நேரம் இது. அக்கா என் பின்னால் நடந்துகொண்டிருப்பார். பாத்தீகளா என்று கேட்கவே மாட்டார்.

போன வருஷம் வந்த எட்டாவது மாப்பிள்ளை, மலைக்கு அந்தப் பக்கம், கேரளாவில் கட்டப்பனையில் பள்ளிக்கூட வாத்தியார். நம் பக்கத்து ஆள்தான். வேலைக்காக மலை ஏறியவர். தாளை வாங்கி, சட்டைப்பையிலிருந்து சிவப்புப் பேனா எடுத்து, உட்கார்ந்து முழுக்கப் படித்திருக்கிறார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, "இங்கன பாருங்க. முதலாவதுக்கும் ஆறாவதுக்கும் கேள்வி வேற வேற, ஆனா பதில் ஒண்ணுதான் எழுதியிருக்கீக. ரெண்டையும் சேத்துட்டா ஒரு வரி மிச்சம்" என்று சொல்லியிருக்கிறார்.

அக்கா திருத்திய தாளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். அதற்கப்புறம் வேறு மாப்பிள்ளைக்கு அது கொடுக்கப்படவில்லை.

ஊர்க் கோயிலில் கல்யாணம். நாங்கள் எல்லோரும் போயிருந்தோம். அக்கா பீடத்துக்கு நடந்த வேகத்தில் பாடகர் குழுவால் பாட்டை முடிக்க முடியவில்லை; பாட்டின் மூன்றாவது வரியிலேயே அவர் போய் நின்றுவிட்டார். முதலாளி அழுதார். கேட்டால் சாம்பிராணிப் புகை என்றார். அடுத்த மாதம் அக்கா கட்டப்பனைக்குப் போய்விட்டார். இப்போது அங்கே ஒரு கல்லூரியின் மெஷின்களைப் பார்த்துக்கொள்கிறார். எங்களுக்குப் புது ஆள் வந்துவிட்டார், கெட்டிக்காரர், நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்க்கிறார். முதலாளியின் கழுத்து சரியாகிவிட்டது.

போன வாரம் மழை பெய்துகொண்டிருந்த ஒரு பிற்பகலில், ஒரு காரணமும் இல்லாமல் அக்காவுக்குப் போன் செய்தேன்.

"சொல்லுங்கண்ணே, எந்த மெஷினு?" என்றார். மூச்சு வாங்குவது கேட்டது. கட்டப்பனையிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறார்.

"மெஷின் எல்லாம் நல்லா இருக்குக்கா. சும்மாதான் பண்ணுனேன்."



"சும்மா பேசுறதுக்கு எப்படிப் பேசணும்னு எனக்குத் தெரியலையேண்ணே" என்றார் அக்கா.

எனக்கும் தெரியவில்லை. அங்கேயும் மழை பெய்துகொண்டிருந்தது, போனில் கேட்டது. இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அக்கா போனை வைக்கவில்லை.